கொடி பார்க்காத கரங்கள்: நீர்மூழ்கி மீட்புப் பணி வளர்ந்த வரலாறு

நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர்களுக்கும், அவர்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் பொருளை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கப்பல் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று கேட்காமலிருக்கப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. ஆனால் ஒரு நீர்மூழ்கி மேலெழ முடியாமல் கடலடியில் தங்கிவிட்டால் எத்தனை நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் அதைத் தேடிப் புறப்படும், அந்த ஏற்பாடு யாருடைய உழைப்பால், எத்தனை பேருடைய உயிர்விலையில் உருவாயிற்று என்பது நம்மிலேயே பலருக்கு முழுமையாகத் தெரியாது. அதை வரிசையாகப் பதிவு செய்துவைக்க இந்த மலரை விடப் பொருத்தமான இடம் இல்லை.

தொடக்கம் 1851 பிப்ரவரி 1. ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் வில்ஹெல்ம் பாவர் என்பவர் தாம் வடிவமைத்த நீர்மூழ்கியில் இரண்டு மாலுமிகளோடு இறங்கினார். கலம் அடியில் சென்று சிக்கிக்கொண்டது. வெளியில் நீரழுத்தம் இருக்கும்வரை கதவைத் திறக்க முடியாது. தண்ணீரை உள்ளே விட்டு, உள்ளிருக்கும் காற்று அதே அழுத்தத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தால் கதவு தானே திறக்கும் என்று பாவர் கணக்கிட்டார். மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலுக்குள் இன்னும் தண்ணீரை விடச் சொல்கிறாரே என்று மற்ற இருவரும் எதிர்த்தார்கள். பல மணி நேரத்துக்குப் பிறகு வேறு வழியின்றி இணங்கினார்கள். மூவரும் உயிரோடு மேலே வந்தார்கள். நீர்மூழ்கியிலிருந்து தப்பியவர்கள் என்று வரலாறு பதிந்திருக்கும் முதல் மூவர் அவர்கள். பாவர் கண்ட அழுத்தச் சமநிலைதான் பின்னாளில் வந்த தப்பிக்கும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படை.

முதல் உலகப் போரின் நடுவே, 1917 ஜனவரி 29 அன்று, ஸ்காட்லாந்தின் கேர்லாக் நீர்நிலையில் பிரிட்டனின் கே-13 சோதனை ஓட்டத்தின்போது மூழ்கியது. நீராவியால் ஓடிய அந்தக் கப்பலின் கொதிகலன் அறைக் காற்றுவழிகள் திறந்தே இருந்துவிட்டன. மாலுமிகளும் கப்பல் கட்டும் தளத்து ஊழியர்களுமாக 80 பேர் உள்ளே இருந்தார்கள். கப்பலின் தலைவர் காட்ஃப்ரே ஹெர்பர்ட்டும், விருந்தினராக வந்திருந்த மற்றொரு நீர்மூழ்கித் தலைவர் பிரான்சிஸ் குட்ஹார்ட்டும் மேலே செய்தி கொண்டுசெல்லும் வழியை யோசித்தார்கள். மேற்கோபுரத்தின் வழியே வெளியேற முயன்ற குட்ஹார்ட் அந்த முயற்சியிலேயே உயிரிழந்தார். அவருக்கு உதவப் போன ஹெர்பர்ட்டைப் பீறிட்ட காற்று வெளியே தள்ளிவிட, அவர் உயிரோடு மேற்பரப்புக்கு வந்து மீட்பாளர்களுக்கு உள்நிலைமையைச் சொன்னார். காற்றுக்குழாய் இணைக்கப்பட்டது, கப்பலின் முன்பகுதி உயர்த்தப்பட்டது, எஃகில் துளை வெட்டப்பட்டது. 57 மணி நேரத்துக்குப் பின் அந்தத் துளை வழியே ஆட்கள் வெளியே வந்தார்கள். 48 பேர் பிழைத்தார்கள். 32 பேர் மாண்டார்கள். அதே கேர்லாக் கரையிலுள்ள பாஸ்லேன் கல்லறையில் அவர்கள் உறங்குகிறார்கள். இதை இங்கே சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று மூன்று நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் மீட்புக்கலத்தின் இருப்பிடமும் அந்தப் பாஸ்லேன்தான்.

1920களில் அமெரிக்கக் கடற்படைக்கு அடுத்தடுத்து அடி விழுந்தது. 1925-இல் எஸ்-51, 1927 டிசம்பர் 17 அன்று எஸ்-4. மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் அருகே ஒரு ரோந்துக் கப்பலோடு மோதி மூழ்கிய எஸ்-4-இன் டார்பிடோ அறையில் ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள். முக்குளிப்பவர்கள் வெளியிலிருந்து சுத்தியலால் தட்ட, உள்ளிருந்து அவர்கள் பதில் தட்டினார்கள். புயல் ஓயவில்லை. அந்தத் தட்டல் ஓய்ந்தது. 40 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த மரணங்களைத் தாங்க முடியாமல் வேலையில் இறங்கியவர் சார்லஸ் மாம்சென். முதலில் சுவாசப்பை ஒன்றை உருவாக்கினார். தண்ணீர்த் தொட்டிகளில் தாமே அணிந்து சோதித்தார். மணி வடிவிலான ஓர் எஃகு அறையைக் கப்பலின் மூடுகதவின் மேல் பொருத்தி, அதன் வழியே நனையாமலே ஆட்களை ஏற்றலாம் என்பதும் அவருடைய எண்ணமே. அதைச் செம்மைப்படுத்தி முடித்தவர் ஆலன் மெக்கான். கருவிக்கு அவர் பெயரே நிலைத்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் ராபர்ட் டேவிஸ் உருவாக்கிய சுவாசக் கருவியை பிரிட்டன் ஏற்றது. 1931-இல் சீனக் கரையோரம் வெய்ஹாய்வெய் அருகே மூழ்கிய போசைடன் கப்பலின் முன்னறையிலிருந்து சிலர் அந்தக் கருவியோடு மேலே வந்ததும், ஆட்கள் மீட்புக்குக் காத்திராமல் தாமே வெளியேறுவதுதான் சரி என்று பிரிட்டிஷ் கடற்படை முடிவு செய்தது. அமெரிக்கா மணியை நம்பியது. பிரிட்டன் சுவாசக் கருவியை நம்பியது. அனுபவத்திலிருந்து பிறந்த நேர்மையான இரண்டு முடிவுகள் அவை.

இரண்டும் 1939-இல் ஒன்பது நாள் இடைவெளியில் சோதனைக்கு உள்ளாயின.

மே 23 அன்று நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் சோதனை மூழ்கலில் இருந்த ஸ்குவாலஸ், காற்று உள்ளிழுக்கும் பெரிய வால்வு மூடாமல் போனதால் பின்னறைகள் நிரம்பி 74 மீட்டர் ஆழத்தில் தங்கியது. 26 பேர் அங்கேயே இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் இருளிலும் குளிரிலும் காத்திருந்தார்கள். அவர்கள் மேலே விட்ட மிதவையை உடன்பிறப்புக் கப்பலான ஸ்கல்பின் கண்டுபிடித்தது. ஃபால்கன் என்ற மீட்புக் கப்பல் மெக்கான் மணியோடு வந்தது. மாம்செனும் வந்து சேர்ந்தார். முக்குளிப்பவர் ஒருவர் இறங்கி மூடுகதவில் கம்பிவடத்தை மாட்டினார். அந்த வடத்தைச் சுருட்டியபடியே மணி கீழே இறங்கியது. முதல் நடையில் ஏழு பேர், இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் ஒன்பது. கடைசி எட்டுப் பேரோடு ஏறும்போது வடம் சிக்கி மணி நடுநீரில் நின்றுவிட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி, இறுதியில் கையால் இழுத்தே மேலே கொண்டுவந்தார்கள். மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து மணி வழியே ஆட்களை மீட்ட முதல் நிகழ்வு அது. அந்தப் பணிக்காக முக்குளிப்பவர் நால்வருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் விரிகுடாவில் தெட்டிஸ். புதுக் கப்பல், சோதனை ஓட்டம் என்பதால் கட்டுமானத் தளத்தாரும் ஏறியிருந்தனர். வழக்கமான எண்ணிக்கையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, 103 பேர். டார்பிடோ குழாய் ஒன்றின் வெளிமூடி திறந்திருந்ததை, பெயிண்ட் அடைத்துக்கொண்டிருந்த சோதனைத் துளை காட்டிக்கொடுக்கவில்லை. முன்பகுதி நிரம்பி மூக்கு மண்ணில் புதைந்தது. வால்பகுதி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே தெரிகிற கப்பலுக்குள்ளிருந்து நால்வர் மட்டும் டேவிஸ் கருவியால் வெளியே வர, 99 பேர், பெரும்பாலும் கரியமிலவாயுவால், மாண்டார்கள். தப்பிக்கும் கருவி இருந்தும், ஆள் கூடக் கூட மூச்சுக்காற்று எவ்வளவு விரைவில் நஞ்சாகும் என்ற கணக்கு அன்று அவர்களை வென்றுவிட்டது. பின்வந்த தலைமுறைகளின் பாடப்புத்தகத்தில் தெட்டிஸ் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

போருக்குப் பிந்தைய பத்தாண்டும் துயரம் நிறைந்ததே. 1950 ஜனவரியில் தேம்ஸ் கழிமுகத்தில் சுவீடன் நாட்டு எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கிய ட்ருக்குலன்டிலிருந்து பலர் வெளியே வந்தார்கள். மேலே காத்திருந்த குளிரும் நீரோட்டமும் அவர்களைக் கொண்டுபோயின. வெளியேறினால் போதாது, மேற்பரப்பிலும் உயிர் பிடித்திருக்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. உடல் முழுவதையும் மூடும் தப்பிப்பு உடை அதன் பயனாகவே வந்தது. 1953 ஏப்ரல் 4 அன்று நேட்டோ பயிற்சி முடிந்து வீடு திரும்பிய துருக்கியின் தும்லுபினார், தார்தனெல்ஸ் நீரிணையில் நாபோலாந்து என்ற சுவீடன் சரக்குக் கப்பலோடு மோதியது. பின்னறையில் 22 பேர். அவர்கள் விட்ட மிதவையில் தொலைபேசி இருந்தது. மேலிருந்தவர்கள் அவர்களோடு பேசினார்கள். குர்தாரன் என்ற மீட்புக் கப்பல் வந்தது. நீரிணையின் ஓட்டம் முக்குளிப்பவர்களைக் கீழே நிற்க விடவில்லை. 81 பேர் இழப்பு. இன்றும் ஆண்டுதோறும் ஏப்ரல் 4 அன்று துருக்கியில் கடலில் மலர்வளையம் விடுகிறார்கள்.

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி த்ரெஷர் 129 பேரோடு, எவரும் எட்ட முடியாத ஆழத்தில் நொறுங்கியது. அவர்களைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. ஆனாலும் ஆழ்கடல் மீட்பு என்ற கேள்வி முழு வேகத்தில் எழுந்தது அந்த நாளிலிருந்துதான். 1970-இல் மிஸ்டிக், அடுத்த ஆண்டு அவலான் என்ற இரண்டு மீட்புக்கலங்கள் நீரில் இறங்கின. மணியைப் போல வடத்தில் தொங்காமல் தாமே ஓடிச் செல்பவை. ஒரே தடவையில் 24 பேரை ஏற்றுபவை. பெரிய இராணுவ விமானத்தில் ஏற்றி உலகின் எந்தக் கரைக்கும் கொண்டுபோகத் தக்கவை. அங்கே இன்னொரு நீர்மூழ்கியின் முதுகில் ஏறிப் பயணித்து விபத்திடத்தை அடையும். 1970களின் இறுதியில் பிரிட்டிஷ் நீர்மூழ்கியோடு சேர்ந்து அதைச் செய்தும் பார்த்தார்கள். ஒரு நாட்டின் மீட்புக்கலம் மற்றொரு நாட்டின் நீர்மூழ்கி மேல் அமரும் காலம் தொடங்கியது.

இதற்கிடையே கடற்படை சாராத ஒரு விபத்து நம் துறைக்கு ஒரு பெரும் மனிதரைக் கொடுத்தது. 1973 ஆகஸ்டு 29 அன்று அயர்லாந்துக்குத் தென்மேற்கே, கடலடித் தொலைபேசி வடம் பதித்துக்கொண்டிருந்த பைசிஸ்-3 என்ற சிறு கலம் 480 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. உள்ளே ரோஜர் மல்லின்சன், ரோஜர் சாப்மன் என்ற இருவர். பைசிஸ் வகையைச் சேர்ந்த வேறு இரண்டு கலங்களோடு, அமெரிக்காவிலிருந்து ஆளில்லாக் கருவி ஒன்றும், கனடாவிலிருந்து ஒரு கப்பலும் விரைந்தன. செப்டம்பர் 1 அன்று இருவரும் மேலே கொண்டுவரப்பட்டபோது அவர்களிடம் மிச்சமிருந்தது சில நிமிட ஆக்ஸிஜன். வேறு எவராயினும் அதற்குப் பின் கடலின் பக்கமே திரும்பியிருக்க மாட்டார். சாப்மன் நீர்மூழ்கி மீட்பையே தொழிலாக எடுத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார், பிரிட்டனின் எல்.ஆர்.5 மீட்புக்கலத்தை இயக்கும் பொறுப்பு பின்னர் அதன் கைக்கு வந்தது. அவருடைய கதை இன்னும் முடியவில்லை; 2005-இல் மீண்டும் வருகிறார்.

1980களும் 90களும் ஆரவாரமில்லாத உழைப்பின் காலம். நேட்டோவின் நீர்மூழ்கித் தப்பிப்பு மற்றும் மீட்புப் பணிக்குழு கூடிக் கூடிப் பேசியது பெரும்பாலும் அளவுகளைப் பற்றி. மூடுகதவைச் சுற்றியுள்ள எஃகு வளையம் எவ்வளவு அகலம், எவ்வளவு சமதளம், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? ஒரு வீட்டு மூடி அடுத்த வீட்டுப் பாத்திரத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற அளவுக்கு எளிய காரியம். ஆனால் தம் நீர்மூழ்கியின் எந்த அளவையும் வெளியே சொல்லாத கடற்படைகளிடம் அதைப் பெறுவது எளிதல்ல. அவர்கள் பெற்றார்கள். நேட்டோவின் 1297-ஆம் எண் தர ஒப்பந்தம் அந்த வளையத்துக்குப் பொது அளவு வகுத்தது; கூட்டணிக்கு வெளியிலிருந்த பல நாடுகளும் அதையே ஏற்றன. சார்பெட் ராயல் என்ற பெயரில் பல நாட்டுக் கூட்டுப் பயிற்சிகள் நடந்தன. நீர்மூழ்கிகள் வேண்டுமென்றே கடலடியில் படுத்துக்கொள்ள, மற்ற நாட்டவர் வந்து கதவைத் தட்டினார்கள். நம் துறையின் உண்மையான அடித்தளம் இந்தக் கூட்ட அறைகளில் போடப்பட்டது என்பதே என் கருத்து. பதக்கம் பெறாத வீரர்கள் அங்கே இருந்தவர்கள்.

பிறகு 2000 ஆகஸ்டு 12. பேரன்ட்ஸ் கடலில் ரஷ்யாவின் குர்ஸ்க். இரண்டேகால் நிமிட இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு வெடிப்புகளை நார்வேயின் நில அதிர்வு நிலையங்கள் பதிவு செய்தன. 108 மீட்டர் ஆழத்தில் 118 பேர். வெடிப்புகளைத் தாண்டிப் பிழைத்த 23 பேர் ஒன்பதாம் அறையில் கூடினார்கள். அவர்களில் ஒருவரான திமித்ரி கோலெஸ்னிகோவ் இருட்டில் எழுதிய குறிப்பு பின்னர் கிடைத்தது. பிரிட்டனும் நார்வேயும் உதவ முன்வந்தன. நான்காம் நாள் அழைப்பு வந்தது. எல்.ஆர்.5 ஒரு கப்பலிலும் நார்வேயின் முக்குளிப்பவர்கள் மற்றொன்றிலுமாக வடக்கே விரைந்தார்கள். ஆகஸ்டு 21 அன்று நார்வேயினர் கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. அந்த 23 பேரும் மீட்பு எட்டக்கூடிய நேரத்துக்கு வெகு முன்பே இறந்துவிட்டதாக ரஷ்ய விசாரணை பின்னர் முடிவு செய்தது. ஆயினும் யாரைக் கேட்பது, யாரிடம் எது இருக்கிறது, எந்தத் துறைமுகத்துக்கு எதை அனுப்புவது என்ற கேள்விகளுக்கு விபத்துக்குப் பிறகு விடை தேடக் கூடாது என்பதை உலகத்து நீர்மூழ்கியர் அனைவரும் அன்று உணர்ந்தார்கள்.

அந்த உணர்வின் விளைவே இஸ்மெர்லோ. சர்வதேச நீர்மூழ்கித் தப்பிப்பு மற்றும் மீட்புத் தொடர்பு அலுவலகம் என்பது அதன் முழுப்பெயர். 2003-இல் அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் தொடங்கி, பின்னர் லண்டனை அடுத்த நார்த்வுட்டுக்கு மாறியது. அதற்குச் சொந்தமாக ஒரு கப்பலும் இல்லை. எந்த நாட்டின் மீட்புக்கலம் இன்று தயார் நிலையில் இருக்கிறது, அதைச் சுமக்கத் தக்க வணிகக் கப்பல் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த விமான நிலையத்தின் ஓடுபாதை பெரிய விமானத்தைத் தாங்கும், எந்தத் துறைமுகத்தில் தகுந்த பளுதூக்கி இருக்கிறது என்ற கணக்குதான் அதன் சொத்து. நேட்டோவில் இல்லாத நாடுகளும் அதைக் கேட்கலாம், கேட்டிருக்கின்றன.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 2005 ஆகஸ்டு 4 அன்று கம்சாத்கா கரைக்கு அப்பால், 190 மீட்டர் ஆழத்தில், ரஷ்யாவின் ஏ.எஸ்-28 சிறு மீட்புக்கலமே வலைகளிலும் வடங்களிலும் சிக்கிக்கொண்டது. உள்ளே ஏழு பேர். ரஷ்யா இம்முறை உடனே உதவி கேட்டது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலிருந்து சி-17 விமானத்தில் ஸ்கார்ப்பியோ-45 என்ற ஆளில்லாக் கருவி புறப்பட்டது. அமெரிக்காவும் தன் கருவிகளை அனுப்பியது. ஜப்பான் கப்பல்களை அனுப்பியது. முதலில் சென்று சேர்ந்த பிரிட்டிஷ் குழு, கமாண்டர் இயன் ரிச்சஸ் தலைமையில், பல மணி நேரம் வடங்களை ஒவ்வொன்றாக வெட்டியது. ஆகஸ்டு 7 அன்று கலம் மேலெழுந்தது. ஏழு பேரும் தாமே வெளியே நடந்து வந்தார்கள். ஸ்கார்ப்பியோவை இயக்கியது சாப்மன் தொடங்கிய நிறுவனம். 32 ஆண்டுகளுக்கு முன் தாம் பெற்ற கடனை இப்படித் திருப்பித் தரும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் வந்த ரஷ்ய அதிபர் புதின், ரிச்சஸ் குழுவினருக்குத் தம் நாட்டு விருதுகளை நேரில் வழங்கினார்.

2008-இல் பிரிட்டன், பிரான்ஸ், நார்வே மூன்றும் சேர்ந்து உருவாக்கிய நேட்டோ நீர்மூழ்கி மீட்பு அமைப்பு பாஸ்லேனில் பணிக்கு வந்தது. அதே ஆண்டு மிஸ்டிக் ஓய்வு பெற, அதன் இடத்துக்கு அமெரிக்கா கொண்டுவந்த புதிய மீட்புக்கலத்துக்கு ஃபால்கன் என்று பெயர் வைத்தார்கள். ஸ்குவாலஸை மறவாதவர்கள் வைத்த பெயர். 2011-இல் ஸ்பெயினின் கார்த்தஹேனாவுக்கு அப்பால் நடந்த போல்டு மோனார்க் பயிற்சியில் ரஷ்ய நீர்மூழ்கி அல்ரோசா கலந்துகொண்டது.

கிழக்கிலும் இதே உறவு வளர்ந்தது. குர்ஸ்க் மூழ்கிய அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் ஏற்று நடத்த, ஜப்பான், தென்கொரியா, அமெரிக்கா கலந்துகொண்ட முதல் பசிபிக் ரீச் பயிற்சி நடந்தது. அதன்பின் ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா என்று முறைவைத்து நடத்தினார்கள். சிங்கப்பூர் தனக்கென ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ என்ற மீட்புக் கப்பலை வைத்துக்கொண்டு, 2012-இல் இந்தோனேசியாவோடு மீட்பு உடன்பாடும் செய்துகொண்டது.

2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் சான் ஹுவான் 44 பேரோடு தொடர்பிழந்தது. அவர்களில் ஒருவர் எலியானா கிராவ்சிக், அந்நாட்டின் முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரி. பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் இறங்கின. 1982-இல் அர்ஜென்டினாவோடு போரிட்ட பிரிட்டன், விமானத்திலிருந்து கடலில் குதித்து உதவும் தன் பாராசூட் குழுவையும் அனுப்பியது. சான் டியேகோவிலிருந்து அமெரிக்க மீட்புக்கலம் கொமொடோரோ ரிவாடாவியா துறைமுகத்துக்கு வந்தபோது, அதை ஏற்ற நார்வேயின் சோஃபி சீம் கப்பலின் பின்பகுதியை வெட்டி, மாற்றி, பற்றவைத்துச் சில நாட்களில் கடலுக்கு அனுப்பினார்கள். கப்பலும் ஆட்களும் கிடைக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் 907 மீட்டர் ஆழத்தில்தான் சான் ஹுவான் கண்டுபிடிக்கப்பட்டது. என்றாலும் பூமியின் தென்கோடிக்கு மீட்பு அணி எவ்வளவு விரைவில் சென்று சேர முடியும் என்பதை உலகம் கண்டது.

2021 ஏப்ரல் 21 அன்று பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் நங்காலா 53 பேரோடு மறைந்தபோது, ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ அன்றே புறப்பட்டது. மலேசியாவின் மெகா பக்தி வந்தது. ஆஸ்திரேலியக் கப்பல்களும் அமெரிக்க விமானமும் வந்தன. மறுநாளே விசாகப்பட்டினத்திலிருந்து நம் கடற்படையின் மீட்புக்கலமும் கிளம்பியது. ஸ்விஃப்ட் ரெஸ்க்யூவின் கருவி 838 மீட்டர் ஆழத்தில் மூன்றாக உடைந்து கிடந்த நங்காலாவைப் படமெடுத்தது. மாண்டவர்களை மேலே கொண்டுவரும் முயற்சிக்குச் சீனக் கடற்படை தன் கப்பல்களை அனுப்பியது.

நம் நாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுறாது. 1967 டிசம்பர் 8 அன்று ரீகாவில் நம் முதல் நீர்மூழ்கியான கல்வரியில் மூவண்ணக்கொடி ஏறிய நாள் முதல், மீட்புக்கு நமக்கென ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது நம் நீர்மூழ்கிப் பிரிவின் கனவு. 1971-இல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸியை ஆராயப் பயன்பட்ட மீட்புக் கப்பலான பழைய நிஸ்தாரில் அந்தக் கனவு தொடங்கியது. பின்னர் நிரீக்ஷக் என்ற கப்பல் அந்தச் சுமையைத் தாங்கியது. 2018-இல் முதல் ஆழ்கடல் மீட்புக்கலம் மும்பைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது 300 அடிக்கும் கீழே படுத்திருந்த நீர்மூழ்கியோடு இணைந்தது. 666 மீட்டர் இறங்கி, ஆள் செல்லும் கலங்களில் இந்தியக் கடற்பரப்பில் அதுவரை காணாத ஆழத்தைத் தொட்டது. இரண்டாவது கலம் விசாகப்பட்டினத்துக்கு. 2024 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கக் கடற்படையோடு மீட்பு உதவி உடன்பாடு கையெழுத்தானது. இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம் கட்டிய, பழைய பெயரையே தாங்கிய புதிய நிஸ்தார் 2025 ஜூலை 18 அன்று படையில் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் அது சிங்கப்பூர் சாங்கி துறைமுகத்தை அடைந்து பசிபிக் ரீச் பயிற்சியில் கலந்துகொண்டது. தென்சீனக் கடலில் நம் மீட்புக்கலம் வெளிநாட்டு நீர்மூழ்கிகளின் மூடுகதவுகள் மேல் அமர்ந்து இணைந்தது. நம் கடற்படைக்கு இது முதல் தடவை. மேற்குக் கரைக்கு ஒன்று, கிழக்குக் கரைக்கு ஒன்று என்று அந்த இரண்டு கலங்களும் அவற்றின் குழுவினரும் அழைப்பு வந்தால் விமானத்திலோ கப்பலிலோ ஏறத் தயாராக இரவு பகலாகக் கடமையில் இருக்கிறார்கள்.